செத்த பேட்டரி மஜீது

தண்டையார்பேட்டையில் மஜீது வீடு எது என்று கேட்டால் யாரும் உடனே கை காட்ட மாட்டார்கள். "எந்த மஜீது? செத்த பேட்டரி மஜீதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டால்தான் வழி சொல்வார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை மஜீது பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. மனுஷன் அப்படித்தான்.

துறைமுகச் சரக்கு வந்து இறங்கும் ஒரு கோடவுனில் அவருக்கு வேலை. ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிக்கு சார்ஜ் போட வேண்டும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், முனைகளில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்ட வேண்டும். இந்த வேலையை வைத்துக்கொண்டு மின்சாரத்தை இவரே கண்டுபிடித்து ஊருக்கு இனாமாகக் கொடுத்தது மாதிரி பேசுவார். சூப்பர்வைசர் மண்டு. எதிர் வீட்டு மாடியில் பெரிய சோலார் பலகை மாட்டியவர் ஏமாளி. கடையில் போய் எமர்ஜென்சி லைட் வாங்குகிறவன் வடிகட்டின முட்டாள். புது பேட்டரி வாங்குகிறவனைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். பியூஸ் போன சி.எஃப்.எல். பல்புகளை உடைத்து, உள்ளேயிருந்து மோதிரம் மாதிரி ஒரு கருப்பு வளையத்தை எடுப்பார். அதில் முடி கனத்துக்குச் செப்புக் கம்பியை இரண்டு இழையாகச் சுற்றுவார். அதுதான் காயில். அதோடு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. சுவர்க் கடிகாரமே வேண்டாம் என்று துப்பிய பேட்டரியை அதில் கொடுத்தால் எல்.இ.டி. எரியும். சத்தியமாக எரியும், அதில் பொய்யில்லை. பேட்டரியில் சொட்டுச் சொட்டாக மிஞ்சியிருப்பதைக் காயில் பிடித்துப் பிடித்து உதறும், ஒவ்வொரு உதறலுக்கும் விளக்கு ஒருமுறை மினுக்கும். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் உதறுவதால் நமக்கு ஒரே சீராக எரிகிற மாதிரி இருக்கும். தெருக்காரர்கள் தீர்ந்துபோன பேட்டரியை ஒரு கேரிபேக்கில் போட்டு அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். குப்பைத் தொட்டி வரை நடக்கிற வேலை மிச்சம் அவர்களுக்கு. மஜீதுக்கோ காணிக்கை வந்த சந்தோஷம்.

"செத்துப்பூச்சுன்னு கடாசிட்றீங்களே, அதுக்குள்ள இன்னா உசுரு கீது தெர்யுமா?" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்பார். தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையில்லை. மீன் வாங்கப் போகிறவன் நின்று கேட்பானா?

சரி, இத்தனை வருஷ ஆராய்ச்சியில் என்னதான் செய்தார் என்று கேட்டால், பாத்ரூமில் ஒரு விளக்கு மாட்டினார். எரிகிற ஊதுவத்தி முனையை விட அதில் கொஞ்சம் வெளிச்சம் அதிகம். "இந்த வெளிச்சத்துல சொம்பு எது, பினாயில் டப்பா எதுன்னு தடவித்தான் பாக்கணும். வூட்ல கரண்டு இருக்கச்சொல்ல எனக்கு இன்னாத்துக்குங்க இந்தத் தலையெழுத்து?" என்று அவர் மனைவி அஜீசுன்னிசா கேட்டாள். மஜீதிடம் பதில் இருந்தது. பொம்பளைகளுக்கு சயின்ஸ் புரியாது என்பதுதான் அந்தப் பதில். அஜீசுன்னிசா அன்றைக்கு மீன் குழம்பில் உப்பே போடவில்லை. மஜீது வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு சோலார் பிடித்தது. ஏதோ ஆபீஸ் தோட்டத்தில் குத்திவைத்து, கெட்டுப்போய், காயலான் கடைக்கு வந்த விளக்குகளின் தலையிலிருந்து உள்ளங்கையகலச் சோலார் துண்டுகளைப் பிடுங்கிவந்து மாடியில் வரிசையாகப் பரப்பினார். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் மதியத்துக்குள் அதன் மேல் சாம்பல் படிந்துவிடும். அஜீசுன்னிசாவின் துப்பட்டாதான் துடைக்கிற துணி. எந்தத் துப்பட்டா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கல்யாணத்துக்குப் போட்டுப் போவதற்காக வைத்திருந்ததை எடுத்துத் துடைத்த அன்றைக்கு நடந்த சண்டை மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

இதையெல்லாம் விட அவருக்குப் பிடித்த காரியம் ஒன்று உண்டு. போனில் வீடியோ பார்ப்பது. கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், காந்தமும் காயிலும் இருந்தால் ஃபேன் ஓடும் என்று பீலா விடுகிறவர்களின் வீடியோவாகத் தேடிப் பிடித்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கீழே எழுதுவார்: 'மேசைக்கு அடியில் பேட்டரி ஒளிச்சு வெச்சிருக்கே. பகலில் ஒண்ணு காட்டி ராத்திரியில் ஒண்ணு பண்ணாதே. என்கிட்ட நடக்காது.' அவர் சொல்வது அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஊரில் உள்ள அத்தனை பேருடைய தப்பையும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. தன்னைப் பார்க்கும்போது மட்டும் அது அவிந்துவிடும்.

இந்த மனுஷனிடம் வந்து ஒருத்தர், எனக்கு ஒரு விளக்கு செய்து கொடு என்று கேட்டார். அவர் பெயர் அப்பாவு. முகத்துவாரக்குப்பத்து மீன்காரர், சொந்தமாகச் சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர். முன்பு பெரிய விசைப்படகான லாஞ்சில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மீன்பிடித் தடை வந்தால் மூட்டை இறக்க கோடவுனுக்கு வருவார். அப்போது பிடித்துக்கொண்ட தோஸ்து. மஜீது பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான்.

"பாய், உன்னாண்ட ஒரு வேலை கீது," என்றார் அப்பாவு. "பொயுது சாஞ்சி வலைய வுட்டுட்டுப் படகுல குந்திகினு கீறேனா, லாஞ்சுக்காரன் கண்ணு மண்ணு தெர்யாம மேல வந்துட்றான். டார்ச்சு அட்ச்சி அட்ச்சி கை நோவுது. கம்புல மாட்டிக்கிறா மாதிரி ஒரு வெளக்கு கட்டிக் குடேன்."

மஜீதுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் அவர் மஜீது இல்லையே! "கடல்ல வெளக்குன்னா வெளையாட்டு சமாச்சாரம்னு நெனச்சிகினியா நைனா? எம்மா வேலை கீது தெர்யுமா?" என்று ஒரு மூச்சு உதார் விட்டார். அப்பாவு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

விளக்கு தயாரானது. ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் ஜாடி, மூடியின் மேல் சோலார் துண்டு, உள்ளே ஒரு சார்ஜ் ஏறும் பேட்டரி, காயில், வெள்ளை எல்.இ.டி. உப்புத் தண்ணீர் புகாமல் சுற்றிலும் எம்-சீல் பசை. ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, ஒன்றை வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பழைய லுங்கியில் சுற்றி அப்பாவுவிடம் கொடுத்தார். "பகல்ல வெயில்ல தின்னுக்கும். இருட்டுனா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். நீ கையே வெக்க வாணாம்."

அப்புறம் மஜீதைக் கையால் பிடிக்க முடிந்ததா? டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், பாரிமுனை பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவன் சொந்தக்காரனோ இல்லையோ, "கடல்ல நம்ம வெளக்கு எரியுது" என்று ஆரம்பித்துவிடுவார். "இங்க பாத்ரூமுக்கே வெளிச்சம் பத்தல, இவரு வங்காள விரிகுடாவுக்கு லைட்டு போட்டுட்டாராம்" என்று அஜீசுன்னிசா அண்டை வீட்டுக்காரியிடம் சொன்னாள். மஜீது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறாமை என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அப்பாவு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய லாஞ்சுகளில் வயர்லெஸ் இருக்கும். அப்பாவுக்கு இந்த ரேடியோதான் எல்லாம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் போனில் டவர் கிடைக்காது. காற்று வருகிறது, மழை வருகிறது, கரைக்குத் திரும்பு என்று அவருக்குச் சொல்ல இதை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"பேஜாரு பண்ணுது பாய். கடல்ல வெச்சா கொர்ருங்குது. ஒண்ணியும் கேக்கல."

மஜீது ரேடியோவைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த இளக்காரத்தை அப்பாவு மாதிரி ஆளால்தான் பொறுத்துக்கொள்ள முடியும். "இது எந்தக் காலத்து மாலு நைனா? மியூசியத்துல வெக்கிறத எட்த்துகினு போய்க் கடல்ல வெச்சிகினு கீறே." சொல்லிவிட்டு மாடிக்குக் கொண்டுபோய், பட்டப்பகல் வெயிலில், தன்னுடைய விளக்கு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்துத் திருகினார். ரேடியோ கணீரென்று பாடியது. பாடாமல் என்ன செய்யும்? பகலில் அந்த விளக்குதான் அணைந்து கிடக்கிறதே! இருட்டுகிற வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

"ரேடியோ சோக்கா கீது. உன் காதுதான் ரிப்பேரு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில போய்க் காட்டு," என்று திருப்பிக் கொடுத்தார். அப்பாவு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தடவை பார்த்தபோது, "சரியாப்பூச்சு பாய். இப்ப நல்லா கேக்குது," என்றார். விளக்கு எப்படி என்று கேட்டதற்கு, "அதுக்கென்னா, ஜம்முனு எரியுது," என்றார். மஜீது அன்றைக்கு டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் தன் கைக்காசிலேயே டீ வாங்கிக் கொடுத்தார். தெருவே அதிசயப்பட்டது.

ஐப்பசி பிறந்து மழைக்காலம் தொடங்கியிருந்தது. அன்றைக்கு மதியம் வரை வெயில் அடித்து, சாயங்காலம் வானம் திடீரென்று கருத்தது. மஜீது மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். காற்று ஒரு சுழற்று சுழற்றியது, தெரு முழுக்கக் கரண்டு போனது. அஜீசுன்னிசா சமையல்கட்டில் பேட்டரி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மழையில் நனையக்கூடாதென்று மாடியிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த விளக்கு ஜாடி கூடத்தில் தானாகவே எரிந்தது. வேறு வழியில்லாமல் அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொர்ர்ர்ர் என்றது ரேடியோ.

"இன்னாங்க! உங்க எழவு வெளக்க எட்த்துகினு போங்க! இத வெச்சதும் ரேடியோ செத்துப்பூச்சி!"

"ரேடியோல பேட்டரி தீந்திருக்கும். அதக் குடு, நான்..." என்று சொல்லிக்கொண்டே மஜீது வந்தார்.

"பேட்டரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பாருங்க!" அஜீசுன்னிசா ஜாடியைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். ரேடியோ தெளிவாகப் பேசியது: பலத்த காற்று வீசும், கடலுக்குள் போயிருக்கும் மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். அவள் மறுபடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். கொர்ர்ர்ர். எடுத்தாள். கரை திரும்ப வேண்டும். வைத்தாள். கொர்ர்ர்ர். புருஷன் உருப்படாதவன் என்பதற்கு இத்தனை வருஷம் கழித்துக் கையில் சாட்சி கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

மஜீது முகத்தில் ஈயாடவில்லை. காயில் உதறுகிற ஒவ்வொரு உதறலும் காற்றில் சத்தமாகப் போகும், பக்கத்தில் இருக்கிற ரேடியோ அதைத்தான் பிடிக்கும். இது அவருக்குத் தெரியாததில்லை. எங்கேயோ படித்ததுதான். பட்டப்பகலில் வைத்துப் பார்த்துவிட்டு, காது ரிப்பேர் என்று சொல்லி ஒரு மனுஷனை அனுப்பியிருக்கிறோம். அந்த மனுஷன் இப்போது கடலில் இருக்கிறார். அவருடைய தலைக்கு மேல் இதே ஜாடி தொங்குகிறது.

"யா அல்லாஹ்! அப்பாவு!" என்றார்.

அஜீசுன்னிசாவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் புரிந்தது. சிரிப்பு நின்றுபோனது. கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து அவளே அவர் கையில் கொடுத்தாள். "நிக்காதீங்க. போங்க."

போனில் கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஸ்கூட்டரை எடுத்தார். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் வண்டி ஆட, போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார். ஊரில் அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்திருந்த மண்டு, மடையன், முட்டாள் எல்லாம் அன்றைக்கு ஒருத்தருக்கே போதவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது மழை பிடித்தது.

முகத்துவாரக்குப்பத்துக் கரையில் கூட்டம் நின்றது. படகுகளை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவு படகைக் காணவில்லை. அவருடைய மனைவி சொக்கம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஏன் பயந்துகினு கீறே? அவன்தான் ரேடியோ இல்லாம போவ மாட்டானே. சேதி கேட்டிருப்பான், திரும்பி வந்துகினு இருப்பான்," என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ரேடியோ கீது, ரேடியோ கீது. அதை நம்பித்தான் அத்தனை பேரும் கை கட்டி நின்றார்கள்.

அந்த ரேடியோ செவிடு என்று அங்கே ஒருத்தருக்குத்தான் தெரியும்.

பேசாமல் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நாளைக்கு என்ன ஆனாலும் காற்றின் மேல் போகும், கடலின் மேல் போகும், பழைய ரேடியோவின் மேல் போகும். செத்த பேட்டரி மஜீதின் மேல் யாரும் ஒரு விரல் நீட்ட மாட்டார்கள். இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"ரேடியோ கேக்காது," என்றார். காற்றில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினார். "ரேடியோ கேக்காதும்மா! நான் குட்த்த வெளக்கு எரிஞ்சா ரேடியோ கொர்ருங்கும். ஒண்ணியும் கேக்காது. அவுரு சொன்னாரு. நான்தான் காது ரிப்பேருன்னு கலாய்ச்சி அனுப்பிட்டேன். அவுருக்கு சேதி போயிருக்காது. சும்மா நிக்காதீங்கபா! யாராச்சும் படகு எடுங்க! லாஞ்சுக்காரனுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க! எல்லாம் என்னாலதான்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சொக்கம்மாளும் திரும்பினாள். ஓங்கி ஒன்று வைப்பாள் என்று மஜீது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவளோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த வெளக்கு? அந்த ஊறுகா ஜாடியா?"

"ஆமாம்மா."

"அது எங்க வூட்டுக் கோழிக்கூண்டுல இல்ல தொங்குது!"

மஜீதுக்குப் புரியவில்லை.

"ரேடியோ பேஜாரு பண்ணுதுன்னு உன்னாண்ட வந்துட்டு, திரும்பிப் போன அன்னிக்கே கண்டுபுட்ச்சிட்டாரு. வெளக்கத் தள்ளி வெச்சா ரேடியோ பாடுது, கிட்ட வெச்சா கத்துது. அன்னிலேர்ந்து அதக் கொண்டாந்து கோழிக்கு மாட்டிட்டு, பாரிமுனைல ஒண்ணு வாங்கிக் கம்புல கட்டிகினாரு. பாயாண்ட சொல்லிடாதே, மனுசன் ஒடைஞ்சி பூடுவாருன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கினாரு." ஈரக் காற்றில் நின்றுகொண்டு, அத்தனை பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழிங்க நல்லா தூங்குது பாய். நரி கூட வர்றதில்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், வேறு என்றைக்காவது சொல்லியிருந்தால், மஜீது குப்பத்தையே இரண்டாக்கியிருப்பார். அன்றைக்கு அவர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கோழிக்கூண்டுலயா?" என்றார். "நெஜமாவா? கோழிக்கூண்டுலயா?" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அல்ஹம்துலில்லாஹ்!" தன் கையால் செய்த ஒரு பொருளை ஒருவர் தூக்கிக் கடாசியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தக் கரை அதற்கு முன் பார்த்திருக்காது.

ஆனாலும் படகு வரவில்லை. அலை கருப்பாக எழுந்து எழுந்து விழுந்தது. சொக்கம்மாளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. மஜீதும் எழுந்து அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பிறகு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது இறங்கி மறைந்தது, மறுபடி ஏறியது. "அவுருதான்!" என்று சொக்கம்மாள் கத்தினாள்.

படகு கரையைத் தொடும்போது அப்பாவு தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "ரேடியோல சொன்ன ஒடனே வலைய இழுத்துட்டேன். மேலண்ட காத்து எதுக்க அட்ச்சிது, அத்தொட்டு லேட்டு," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னவர், கூட்டத்தில் மஜீதைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார். கம்பின் உச்சியில் கடையில் வாங்கின விளக்கு கண்ணைக் கூச வைத்துக்கொண்டு எரிந்தது. அப்பாவு அவசரமாகத் தலைத்துண்டை அவிழ்த்து அதன் மேல் போட்டு மூடினார். மூடிவிட்டு அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பாய்! நீ எங்க இங்க?" என்றார். பிறகு பல்லெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ள, முகம் கொள்ளாமல் சிரித்தபடி சொன்னார்: "உன் வெளக்கு இன்னிக்கு ஜம்முனு எரிஞ்சிச்சி பாய். அது மட்டும் இல்லேன்னா நான் கரைய சேந்திருக்கவே மாட்டேன்."

சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். மஜீது, துண்டு போட்டு மூடின அந்த விளக்கை ஒரு பார்வை பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"கயித்தப் போடு நைனா," என்றார். "படகு இழுத்துகினு போவுது."